கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க கத்துக்குடுக்குறாங்க

ஏர்லைன்ல சேர்ந்ததுல இருந்து ஊர்ல பாக்குறவங்க எல்லாரும் "என்னப்பா, ப்ளைட் ஓட்ட ஆரம்பிச்சிட்டியா"ன்னுதான் கேக்குறாங்க. இன்னும் இல்லைங்க. சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) வாங்க 200 மணி நேரம் பறந்தாச்சு, ஆனா அதுல முக்கால்வாசி செஸ்னா 172ங்கிற குட்டி விமானம், இப்போ ஏறப்போறது ஏர்பஸ் ஏ320, அதுல நியோ மாடல்னா 79 டன் வரைக்கும் போகும். அதனால முதல்ல டைப் ரேட்டிங், அதாவது அந்த ஒரு மாடல ஓட்டுறதுக்கான தனி ட்ரெய்னிங்.

கிரவுண்ட் ஸ்கூல் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. ஹைட்ராலிக்ஸ், எலக்ட்ரிகல், ப்ளைட் கன்ட்ரோல்னு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து படிக்கணும், பரீட்சை எழுதணும். எமர்ஜென்சி ட்ரெய்னிங் மட்டும் ஜாலியா போச்சு, ஸ்லைடுல சறுக்கி, நீச்சல் குளத்துல லைஃப் ராஃப்ட்ல ஏறி, கேபின் க்ரூ பேட்ச்சும் கூடவே இருந்துச்சு, சத்தம் போட்டு ஆள இறக்குறதுல அவங்க பக்கத்துல கூட பைலட்டுங்க நிக்க முடியாது.

சிமுலேட்டர்தான் விஷயமே. குர்கான்ல ஸ்லாட், பகல்லயும் வரும், நடுராத்திரி 2 மணிக்கும் வரும். நாலு மணி நேரம், பாதி நேரம் நான் ஓட்டணும், பாதி நேரம் பார்ட்னர் ஓட்ட நான் மானிட்டர் பண்ணணும். பார்ட்னர் லூதியானாக்காரன், ராத்திரி முழுக்க ஹாஸ்டல் சுவத்துல காக்பிட் போஸ்டர ஒட்டிக்கிட்டு (பேப்பர் டைகர்னு சொல்லுவாங்க) ரெண்டு பேரும் நாற்காலிய போட்டு, இல்லாத ஸ்விட்ச்ச அமுக்கி கால்அவுட் (ஒருத்தருக்கொருத்தர் சத்தமா சொல்லவேண்டிய வார்த்தைங்க) சொல்லிக்கிட்டு இருப்போம், பாத்தா பைத்தியம்னுதான் நினைப்பாங்க.

செஸ்னாவுல தனியா பறந்து பழகினவனுக்கு, ஏதாவது ஆச்சுன்னா உடனே கை போகும். இங்க அந்தப் பழக்கத்த உடைக்கிறதுதான் பாதி ட்ரெய்னிங். வி1 கட்னு ஒண்ணு, அதாவது ஓடுபாதையில வேகம் வி1 தாண்டின உடனே ஒரு எஞ்சின் போயிடும், இனிமே நிறுத்த முடியாது, மேல ஏறியே ஆகணும். மூக்கு செத்த எஞ்சின் பக்கம் இழுக்கும், எதிர்ப்பக்க ரடர் பெடல மிதிச்சு நேரா புடிச்சு, மெதுவா 12.5 டிகிரிக்கு தூக்கணும். மணி டிங்குன்னு அடிக்கும், ஸ்க்ரீன்ல ஈகாம் லிஸ்ட் (என்ன கெட்டுப்போச்சு, என்ன செய்யணும்னு காட்டுறது) வந்து நிக்கும், ஆனா 400 அடி வரைக்கும் அதுல ஒண்ணையும் தொடக்கூடாது. மேல ஏறுதுன்னு பாத்து "பாசிட்டிவ் க்ளைம்ப்", சக்கரத்த உள்ள இழுக்க "கியர் அப்", அவ்வளவுதான். "பேட்டா, எஞ்சின் ஏற்கனவே போச்சு, எங்க ஓடிப்போகப்போகுது"ன்னு இன்ஸ்ட்ரக்டர் சார் சொல்லுவார். அந்த 400 அடி வர்றதுக்குள்ள உள்ளங்கை அரிக்கும் பாருங்க!

சாதாரண டேக்ஆஃப்லயும் அப்படித்தான், யார் ஓட்டினாலும் வி1 வரைக்கும் த்ரஸ்ட் லீவர்ல (எஞ்சின் வேகத்த கூட்டிக் குறைக்கிற கைப்பிடி) கேப்டன் கைதான். சைட்ஸ்டிக் இன்னும் மோசம், விமானத்த ஓட்டுற அந்தச் சின்னக் குச்சி கேப்டனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல கம்பி கிம்பி எதுவும் இணைக்கல, அவர் எவ்வளவு அசைக்கிறார்னு என் கைக்கு தெரியாது. உதவி பண்றேன்னு நானும் அசைச்சா ரெண்டு பேர் குடுத்ததையும் கூட்டி எடுத்துக்கும், "டூயல் இன்புட்"னு குரல் வேற வரும். வேணும்னா சிவப்பு பட்டன அமுக்கி "ஐ ஹேவ் கன்ட்ரோல்"னு வாய்விட்டு சொல்லி வாங்கணும். என்னைக் கேட்டா இவங்க கத்துக்குடுக்குறது ஓட்டுறத விட பேசுறதத்தான்.

அதுக்காக எல்லாத்துக்கும் காத்திருக்கவும் முடியாது. மெமரி ஐட்டம்னு சிலது இருக்கு, புக்க பாக்காம மனப்பாடமா உடனே செய்யவேண்டியது, ஸ்பீடு காட்டுற கருவி பொய் சொன்னா ஆட்டோபைலட், ப்ளைட் டைரக்டர் (மூக்க எங்க வைக்கணும்னு ஸ்க்ரீன்ல காட்டுற கோடு), ஆட்டோ த்ரஸ்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, 10,000 அடிக்கு மேலன்னா மூக்கு 5 டிகிரி, எஞ்சின் க்ளைம்ப் த்ரஸ்ட், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வரணும். எது உடனே, எது அப்புறம்னு பிரிக்கத்தான் இத்தனை ராத்திரியும்.

ஸ்கில் டெஸ்ட் முடிஞ்சது, பாஸ். அடுத்து பேஸ் ட்ரெய்னிங், பயணிங்க இல்லாத நிஜ ஏ320ல டச் அண்ட் கோ, அதாவது தரையத் தொட்டதும் நிக்காம மறுபடி மேல ஏறுறது. ஃப்ளைட் எப்ப கிடைக்கும்னு கேட்டா ட்ரெய்னிங் ஆபீஸ்ல "வெயிட் பண்ணுங்க"ங்கிறாங்க, அதுவரைக்கும் போஸ்டர் சுவத்துலயே இருக்கட்டும்னு லூதியானாக்காரன் சொல்லிட்டான், ஹாஸ்டல் ஓனர் பெயிண்ட் உரிஞ்சா காசு கேப்பேன்னு சொல்லியிருக்கார்.