நீரிணையில் 35 நாட்கள்: ஓத மின்சாரத்துக்கு ஓர் இடத்தை அளந்த அனுபவம்

கரைக்கும் ஒரு சிறு தீவுக்கும் இடையிலுள்ள நீரிணையில் ஓத மின்சாரம், அதாவது கடலின் ஏற்ற வற்றத்திலிருந்து மின்சாரம், எடுக்க முடியுமா என்று மதிப்பிடும் பணி எங்கள் குழுவிடம் வந்தது. பிரான்சில் 1966 முதல் இயங்கிவரும் லா ரான்ஸ் நிலையத்தில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சராசரியாக 8 மீட்டர் வேறுபாடு இருப்பதால், அங்கே அணை கட்டி நீரைத் தேக்க முடிகிறது. எங்கள் இடத்தில் அவ்வளவு உயரம் இல்லை. ஆனால் குறுகலான வழியில் நீர் விரைந்து பாய்ந்ததால், ஓட்டத்திலேயே சுழலிகளை நிறுத்தும் வாய்ப்பை ஆராய்ந்தோம்.

அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்துப் படகிலிருந்து அளந்தபோது உச்ச வேகம் விநாடிக்கு 2.5 மீட்டர் வந்தது. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்பின் வழியே ஏறத்தாழ 8 கிலோவாட் கடந்து செல்கிறது. அதை வைத்து அவசரமாகத் தயாரித்த முதல் மதிப்பீட்டை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. நீரோட்டத்தின் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறுவது. அட்டமியை ஒட்டிய நாட்களில் உச்ச வேகம் பாதியானபோது, திறன் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஆகவே ஒலி அலைகளைக் கொண்டு நீரின் வேகத்தை அளக்கும் டாப்ளர் நீரோட்டமானி ஒன்றை, ஒரு சட்டகத்தில் பொருத்திக் கடலடியில் இறக்கினோம். பதினொன்றாம் நாள் சட்டகத்தின் அடியிலிருந்த மணலை நீர் அரித்துவிட, கருவி சாய்ந்தது. அந்தத் தரவு முழுவதையும் ஒதுக்கிவிட்டு, பாறைத்தளம் தேடி மீண்டும் இறக்கி 35 நாட்கள் அளந்தோம். நிலவின் 12.42 மணி நேரச் சுழற்சியும் சூரியனின் 12 மணி நேரச் சுழற்சியும் ஏறத்தாழ 14.8 நாட்களுக்கு ஒருமுறை ஒத்துச் சேர்வதால், ஒரு மாதத்துக்குக் குறைந்த பதிவிலிருந்து ஆண்டு முழுவதையும் கணிப்பது நம்பகமானதன்று என்பது என் உறுதியான கருத்து. கணக்கிடும்போதும் சராசரி வேகத்தை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தக் கூடாது. ஒவ்வொரு அளவையும் தனித்தனியே உயர்த்தி, அதன் பிறகே சராசரி காண வேண்டும்.

அதிக வேகம் காட்டிய முனையில் பாறைகளால் எழுந்த கொந்தளிப்பு சுழலியின் இறக்கைகளை விரைவில் வலுவிழக்கச் செய்யும் என்று தெரிந்தது. ஏற்றத்தின் ஓட்டமும் வற்றத்தின் ஓட்டமும் அங்கே நேரெதிர்த் திசையிலும் இல்லை. எனவே சற்று மெதுவான, ஆனால் சீரான ஓட்டமுள்ள நடுப்பகுதியையே எங்கள் அறிக்கையில் பரிந்துரைத்தோம்.