மியாட்டா கார் வேலை: கதவடி ராக்கர் ஒட்டியாயிற்று, இன்ஜின் ஓடுகிறது, பிரேக் மாறியது

என் பழைய காரின் கதவுக்கு அடியில், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் அந்த ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. கார் கராஜுக்குள் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, ஒரு சொட்டு மழை அதன்மேல் படவில்லை, அப்படியும் உள்ளே அரை லிட்டராவது தேங்கி நின்றிருக்கிறது.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1992 மாஸ்டா மியாட்டா, சிவப்பு, 1.6 லிட்டர், ஐந்து கியர், 2,14,000 கிலோமீட்டர் ஓடியது. போன அக்டோபரில் இங்கே கனடாவில் ஹாமில்டன் பக்கம் ஒருவரிடம் 3,200 டாலருக்கு வாங்கி, மிசிசாகாவில் எங்கள் வீட்டு கராஜில் கொண்டுவந்து இறக்கினேன். ஆறு வருடம் ஓடாமல் நின்ற வண்டி. வாங்குவதற்கு முன் டார்ச் அடித்து கிராங்க் புல்லியில் (இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் பெல்ட் சக்கரம்) எத்தனை காடி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன், எட்டு இருந்தது. நான்கு இருந்தால் அது 1990இலும் 1991இன் தொடக்கத்திலும் வந்த குட்டை மூக்கு கிராங்க், அதில் புல்லியைப் பிடித்திருக்கும் சாவி தேய்ந்து கிராங்கே வீணாகிவிடும் ஆபத்து உண்டு. 1992 காரில் அது வராது என்றாலும் யாராவது பழைய இன்ஜினைத் தூக்கி வைத்திருக்கலாம் இல்லையா, அதனால்தான் பார்த்தேன்.

ஏன் இந்தக் கார் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எடைதான். ஒரு டன்னுக்கும் குறைவு. 116 குதிரைத் திறன் என்பது இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை, ஆனால் பின்சக்கர ஓட்டம், நான்கு சக்கரத்தையும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கைகளால் தாங்கும் டபுள் விஷ்போன், கியர்பாக்ஸையும் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஒரே துண்டாகப் பிணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம், இவையெல்லாம் சேர்ந்து ஸ்டியரிங்கில் கை வைத்தவுடன் தெரியும் ஒரு நேர்மையைக் கொடுக்கின்றன. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் இதை முதலில் காட்டினார்கள். தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் ஹிரோஷிமாவில் உருவானபோது அவர்கள் வைத்துக்கொண்ட குறிக்கோள் குதிரையும் அதில் ஏறியவனும் ஓருடலாவது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. அவ்வளவு விற்றதால் எனக்கு என்ன லாபம் என்றால், 30 வருடப் பழைய காருக்கு இன்றைக்கும் எல்லா ரப்பரும் சீலும் கிடைக்கிறது.

சரி, துருவுக்கு வருகிறேன். மடக்குக் கூரையின் மேல் விழும் மழை, பின்பக்கம் ஒரு ரப்பர் வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் இருக்கும் தூணுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் காரின் அடியில் வெளியேற வேண்டும். அந்தக் குழாயின் வாயில் மேப்பிள் இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீருக்கு வேறு வழி இல்லை, கார்ப்பெட்டுக்குப் போகும், இல்லையென்றால் கதவின் அடியில் ஓடும் பெட்டிக்குள் இறங்கும். அந்தப் பெட்டியை இங்கே ராக்கர் என்பார்கள். வெளித்தகடு, நடுவில் ஒரு பலத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வரும், வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். அதோடு இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு போடுகிறார்கள், அது கீழேயிருந்து தன் வேலையைச் செய்யும். கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பே இந்த ராக்கர்தான்.

குளிர்காலம் முழுக்கப் பிரிப்பதில் போயிற்று. சீட், கார்ப்பெட், கதவு ஓரத் தகடுகள், எல்லாவற்றையும் கழற்றி, போல்ட்டுகளைச் சின்னப் பைகளில் போட்டு எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி வைத்தேன். கழிவுநீர்க் குழாயிலிருந்து எடுத்த சருகு ஒரு டம்ளர் நிறைய இருந்தது.

ஏப்ரலில் கோயம்புத்தூரிலிருந்து என் மாமனார் வந்தார். அங்கே கணபதி பகுதியில் முப்பது வருடம் லேத் பட்டறை வைத்திருந்தவர். வந்த இரண்டாம் நாள் காலையில் காபி டம்ளரோடு கராஜுக்குள் வந்து காரை ஒரு சுற்று சுற்றினார், திரும்ப வீட்டுக்குள் போனார், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வலது பக்க ராக்கரில் அதை ஒவ்வோர் அங்குலமாக நகர்த்தினார். பின் சக்கரத்திலிருந்து ஒரு முழத்துக்கு அது ஒட்டவே இல்லை.

"மாப்பிள்ளை, இங்க இரும்பே இல்லைங்க. முழுக்கப் பட்டி."

முன்பு யாரோ ஃபைபர் துணியை ஒட்டி, மேலே பட்டி பூசி, தேய்த்து, சிவப்பு அடித்து விற்றிருக்கிறார்கள். பார்வைக்கு நல்லதாகத் தெரிந்த வலது பக்கம்தான் இடதை விட மோசம். எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் அடங்கவில்லை. உள்ளே உட்காரப் போகிறவனின் பாதுகாப்பு அந்தத் தகட்டில் இருக்கிறது, அதை மாவு பூசி மூடுவது எனக்குப் பெரிய தப்பாகத்தான் படுகிறது.

வெட்டுவதற்கு முன் செய்த ஏற்பாடுகளை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் கதவு பிறகு மூடவே மூடாது. ஜாக் ஸ்டாண்டுகளை ராக்கருக்கு அடியில் வைக்காமல் முன்னும் பின்னும் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமுக்கு அடியில் வைத்தோம். கதவைக் கழற்றிவிட்டு, கீல் போல்ட் ஓட்டைக்கும் பூட்டுக் கொக்கியின் போல்ட் ஓட்டைக்கும் நடுவே 25 மில்லி சதுரக் குழாயை வைத்து முடுக்கினோம். கதவு நிலையின் அளவை மூன்று இடத்தில் எடுத்துச் சுவரிலேயே எழுதினார் மாமா. பேட்டரியைக் கழற்றி, இன்ஜின் கம்ப்யூட்டரின் இணைப்பையும் எடுத்தாயிற்று. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதனால் தீயணைப்பான் ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று, வெல்டிங் முடிந்த பிறகு அரை மணி நேரம் இருவரில் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி.

கிரைண்டரில் வெட்டியபோது நல்ல இரும்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன், வலது பக்கம் 42 சென்டிமீட்டர், இடது பக்கம் 28. நடுவிலிருந்த பலத்தகடு கையில் உதிர்ந்தது. தானியப் பெட்டி அட்டையை வெட்டி அச்சு எடுத்தார் மாமா, அதை 18 கேஜ் தகட்டில் வரைந்து, கட்டை மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்தார். நான் வைத்துப் பார்த்துவிட்டு போதும் என்றேன். அவர் விடவில்லை. "சந்து ஒரு மில்லிக்கு மேல இருந்தா ஓட்டைதாங்க விழும், இன்னும் ரெண்டு தடவை அரம் போடுங்க." இரண்டு தடவை என்று சொன்னது ஒரு நாள் வேலை ஆனது, ஆனால் முடித்தபோது நகம் நுழையாத அளவுக்குப் பொருந்தியது.

வெல்டிங் மிக் மெஷினில், அதாவது கம்பியும் வாயுவும் தானாக வந்துகொண்டிருக்கும் மெஷின், 0.6 மில்லி கம்பி, 75 பங்கு ஆர்கானும் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு. இவ்வளவு மெல்லிய தகட்டில் நீளமாகக் கோடு இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். அதனால் ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு கை தள்ளி, அப்புறம் எதிர்ப்பக்கம், இப்படிச் சூடு பரவ நேரம் கொடுத்து, புள்ளிகள் சேர்ந்து கோடு ஆகும்வரை. ஒரு பக்கத்துக்கு நான்கு சனிக்கிழமை ஆனது. மூடும் முன் உள்ளே துத்தநாக ப்ரைமர், மூடிய பின் மூட்டுகளில் சீலர், கடைசியில் ஒரு நீளக் குழாயை உள்ளே விட்டு மெழுகு பீய்ச்சினேன், அது ஒழுகும் இடமெல்லாம் தண்ணீரும் போகும் இடம் என்பதால் கீழே சொட்டும் வரை நிறுத்தவில்லை. சதுரக் குழாயைக் கழற்றிவிட்டு அளந்தபோது சுவரில் எழுதிய எண்ணுக்கும் இப்போதைக்கும் அதிகபட்ச வித்தியாசம் ஒரு மில்லி. கதவை மாட்டி மூடினோம், ஒரே தட்டில் மூடியது. மாமா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இன்ஜின் வேலை இதைவிடச் சுலபம். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளைச் சுற்றும் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன் ஆயில் சீல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மாற்றினேன். பெல்ட்டுக்கு 1,00,000 கிலோமீட்டர் கணக்கு, ஆனால் ஆறு வருடம் நின்ற ரப்பரை நம்ப முடியாது. இந்த 1.6இல் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, அந்த ஒரு நிம்மதி உண்டு. இரண்டு கேம் சக்கரத்தின் குறிகளுக்கு நடுவே பெல்ட்டில் 19 பல் இருக்க வேண்டும், மூன்று முறை எண்ணினேன், மாமாவும் எண்ணினார். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக் கறுப்பு மாறிப் பழுப்பாகியிருந்தது, அந்த நிறம் வந்துவிட்டால் வெடிக்கப் போகிறது என்று அர்த்தம், அதையும் தூக்கிப் போட்டுப் புதிது.

இன்ஜினின் பின்பக்கம் எண்ணெய் ஒழுகி கியர்பாக்ஸ் மேல் படிந்திருந்தது. கிராங்கின் பின் சீல் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். நன்றாகத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் ஓட்டி, கண்ணாடியை நீட்டிப் பார்த்தால் ஒழுக்கு மேலேயிருந்து வருகிறது. சிலிண்டர் ஹெட்டின் பின்னால் செருகியிருக்கும், கேம் தண்டின் கோணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சாரின் ரப்பர் வளையம் கல்லாகிவிட்டது. இரண்டு டாலர் வளையம்! சென்சாரைக் கழற்றினால் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மறுபடி வைக்க வேண்டும், அதற்கு டயக்னாஸ்டிக் பெட்டியில் இரண்டு முனையை ஒரு கம்பியால் இணைத்து, டைமிங் லைட் அடித்து 10 டிகிரியில் நிறுத்தினேன். பலர் இதை 14க்கு ஏற்றி உயர்ரகப் பெட்ரோல் ஊற்றி ஓட்டுகிறார்கள், எனக்கும் ஆசைதான், ஆனால் முதலில் ஒரு சீசன் கம்பெனி அளவிலேயே ஓடட்டும்.

கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகியது, மாற்றினேன், ஒரு மணி நேரம்.

பிரேக்கில்தான் முதல் மேம்பாடு. 1.6இல் முன் டிஸ்க் 235 மில்லி, 1994இல் வந்த 1.8 லிட்டர் மாடலில் 255. ஒரு பழைய 1.8இலிருந்து நான்கு பிராக்கெட்டுகளைக் காயலான் கடையில் வாங்கி, புது டிஸ்க்கும் பேடும் போட்டால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் பழைய காலிப்பரையே வைத்து மாற்றிவிடலாம், 14 அங்குலச் சக்கரமும் தடையில்லாமல் ஏறுகிறது. பின் காலிப்பரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பிஸ்டனை முன் காலிப்பர் போலக் கிளாம்ப் வைத்து அழுத்தக் கூடாது, ஹேண்ட் பிரேக்கின் திருகு அதனுள்ளேயே இருக்கிறது. பின்னால் உள்ள 14 மில்லி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மில்லி ஆலன் சாவி போகும் இடம் தெரியும், அதைத் திருப்பினால் பிஸ்டன் தானாக உள்ளே போகும். எங்கள் காரின் இடது பின் காலிப்பரை முன்பு யாரோ அழுத்திக் கெடுத்திருந்தார்கள், அது மட்டும் புதிது வாங்கினேன்.

சஸ்பென்ஷனில் நினைத்ததில் பாதிதான் முடிந்தது. ஷாக் அப்சார்பர் நான்கும் புதிது, ஸ்ப்ரிங் பழையது, உயரத்தைக் குறைக்கவில்லை. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் நீளப் போல்ட்டுகள் இரண்டு, ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டன. ஒரு வாரம் எண்ணெய் விட்டு, கேஸ் டார்ச்சில் காய்ச்சி, ஒன்று வந்தது, மற்றது வரவில்லை. அது வராமல் சக்கர அலைன்மென்ட் சரியாக வைக்க முடியாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அது அடுத்த மாத வேலை. டர்போ போடப் போகிறாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இந்த 1.6இன் டிஃபரென்ஷியல் சின்னது, அதிக விசையைத் தாங்காது, அதைவிட எனக்கு அந்தக் காசில் நல்ல டயரும் நல்ல சீட்டும் வாங்கத்தான் தோன்றுகிறது.

ஆகஸ்டில் நம்பர் பிளேட் வாங்குவதற்கான சேஃப்டி சோதனைக்குக் கொண்டுபோனோம். ஆய்வு செய்தவர் லிஃப்டில் ஏற்றி ராக்கரை அடியில் விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனார், நாங்கள் ஒட்டிய இடம் வந்ததும் சத்தம் மாறவில்லை, திரும்பி மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். சான்றிதழ் 36 நாள் செல்லும், மறுநாளே நம்பர் பிளேட் வாங்கிவிட்டேன். அன்று மாலை ஏரிக்கரைச் சாலையில் கூரையை மடக்கி மாமாவை உட்கார வைத்து ஓட்டினேன். நான்காவது கியருக்கு மாற்றியபோது இரண்டு விரலால் தள்ளினாலே கியர் குச்சி நகர்ந்தது. அவர் வழியெல்லாம் கதவின் மேல் கை வைத்துக்கொண்டு, அது அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் கடைசியில் அவருக்கு விமானம். கிளம்புவதற்கு முந்தின நாள் கராஜுக்குள் கூப்பிட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து, "ஊத்துங்க மாப்பிள்ளை, பார்க்கலாம்" என்றார். கூரையின் பின்னால் ரப்பர் வாய்க்காலில் ஊற்றினேன். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்தின் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் மூன்று எண்ணுவதற்குள் தண்ணீர் தெளிவாகக் கொட்டியது. இடது பக்கம் கொஞ்சம் மெதுவாக வந்தது, அதை இந்த வாரம் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும்.