முகாம் நாளில் வேலை முடிந்திருக்க வேண்டும்

பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் அரசு நலத்திட்ட முகாம் என்று சொன்னாலே எல்லோரும் சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் ஓடுவார்கள். நான் முதலில் விசாரிப்பது ஜெராக்ஸ் மெஷினைத்தான். ஐந்து துறைகள் ஐந்து மேசை போட்டு உட்கார்ந்தாலும், ஒரு நகல் இல்லையென்றால் ஆள் திரும்பிப் போய்விடுவார். அப்படிப் போனவர் சாயங்காலம் வரை வரமாட்டார்.

என் வேலைக்குச் சமூக ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். "ஆபீஸ் ஆபீஸா அலையுறவ" என்பது என் மாமியார் வைத்த பெயர். அதுதான் சரி.

இங்கே அலைச்சல் ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடுகிறது. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கண்ணகி நகர் சென்னை மாநகராட்சியின் சோழிங்கநல்லூர் மண்டலத்தில் வரும். பெரும்பாக்கமோ செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. கூவம், அடையாறு கரைகளிலிருந்து இந்த எட்டு மாடி பிளாக்குகளுக்கு வந்தவர்கள் வீடு மட்டுமா மாறினார்கள்? மாவட்டமே மாறிவிட்டது. கலெக்டர் வேறு, தாசில்தார் வேறு, போய் நிற்கவேண்டிய கவுண்டர் வேறு. வேலை மட்டும் பழைய இடத்திலேயே. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் இன்னமும் விடியற்காலை பஸ் பிடித்து மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போய்த்தான் வருகிறார்கள். 2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் வேலை நாளில் காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் யார் வருவார்கள் என்று கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

எங்கள் பிளாக்கில் ஆறாவது மாடி அக்கா ஒருவர். மகனுக்கு மூளை முடக்குவாதம். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டென்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதற்கு மருத்துவச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். அதற்கு ஆதார் வேண்டும். ஆதாரில் பழைய முகவரி. அதோடு பையனுக்குப் பதினைந்து வயது, கைரேகையைப் புதுப்பிக்கவேண்டிய நேரம் வேறு.

ஆதார் மையத்துக்கு நானும் கூடப் போனேன். பையனின் விரல்கள் எப்போதும் உள்ளங்கைக்குள் மடிந்தே இருக்கும். இழுத்தால் இன்னும் இறுகும். மெஷின் பக்கத்தில் இருந்த பெண் ஒருமுறை முயன்றுவிட்டுத் தயங்கினாள். அக்கா சொன்னார்: "இழுக்காதம்மா, நான் பாத்துக்கறேன்." அவன் மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்கினார். விரல்கள் தாமாகவே விரிந்தன. அந்த இடைவெளியில் கண்ணாடி மேல் வைத்து எடுத்தார்கள். ஒவ்வொரு விரலுக்கும் இதே கதை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதை முகாம் கூட்டத்தில் வைத்துச் செய்ய முடியுமா? புது முகவரி பதிவாகவே சில நாள் ஆகும். அதனால்தான் நான் முகாமுக்குப் பல வாரம் முன்பே மாடி மாடியாக ஏறிவிடுகிறேன். முதலில் வீடு ஒதுக்கிய ஆணை, அப்புறம் ஆதார், அப்புறம் ரேஷன் கார்டு, அதற்குப் பிறகுதான் மருத்துவர். இந்த வரிசை தப்பினால் எத்தனை துறைகளை ஒரே பந்தலில் கூட்டினாலும் கூட்டம்தான் மிச்சம்.

துறைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மாற்றுத்திறனை 21 வகையாக அங்கீகரித்தது. கடைக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025ல் வந்தது. திட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது யார் வேலை என்பதை மட்டும் எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை.

யார் வரவில்லை என்று பார்ப்பது இன்னொரு தலைவலி. மகளிர் குழு வாட்ஸ்அப்பில் சொன்னால் குழுவில் இருப்பவர்கள் வருவார்கள். வாடகைக்கு இருப்பவர்களிடம் ஒதுக்கீட்டு ஆணையே கிடையாது. முகவரிக்கு எதைக் காட்டுவது என்று கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தச் சிக்கலுக்கு என்னிடம் இன்னும் நல்ல வழி இல்லை. திருநங்கைகளுக்கு இந்தியாவிலேயே முதல் நலவாரியம் 2008ல் அமைந்தது தமிழ்நாட்டில்தான். ஆனாலும் எங்கள் வரிசைக்கு அவர்கள் வரத் தயங்கினார்கள். போன முகாமில் டோக்கன் மேசையில் ஒரு திருநங்கைத் தோழியையே உட்கார வைத்தோம். அவருக்கு எல்லா பிளாக்கும் அத்துப்படி, அதட்டவும் தெரியும். வரிசை நேராக நின்றது, அவருடைய தோழிகளும் வந்தார்கள்.

அடுத்த முகாமை ஞாயிற்றுக்கிழமை வைக்கக் கேட்டிருக்கிறோம். மருத்துவர் குழு வருமா என்பதுதான் பாக்கி. அதற்கு முந்தைய சனிக்கிழமைகளில், இரவு ஏழு மணிக்குமேல், விண்ணப்பம் நிரப்ப ஆள் வேண்டும். லேப்டாப்போடு வாருங்கள், தமிழில் தட்டச்சு தெரிந்தால் ரொம்ப நல்லது. பிஸ்கட் பாக்கெட் கொடுத்து போட்டோ எடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.