மண்டியிட்ட பீரங்கி

பொருட்காட்சித் திடலில் ஒரு ஒட்டகம் குழந்தைகளை ஏற்றிக்கொள்ள உட்கார்ந்தது. முதலில் முன்னங்கால்களை மடித்தது, அப்புறம் பின்னங்கால்களை. மொத்த உடம்பும் மண்ணில் அசையாமல் படிந்துவிட்டது.

பார்த்ததும் ஜம்புரக் ஞாபகம் வந்தது.

ஒட்டகச் சேணத்தில், எந்தப் பக்கமும் திருப்பும்படி பொருத்திய சின்ன பீரங்கி அது. ஒட்டகத்தை மண்டியிட வைத்துச் சுடுவார்கள். சுட்டு முடித்ததும் எழுப்பி வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

1761 ஜனவரி 14, மூன்றாம் பானிபட் போர். மராத்தியர் பக்கம் தளபதி இப்ராஹிம் கான் கார்டியின் பெரிய பீரங்கிகள் இருந்தன. அடி பலமானதுதான், ஆனால் ஒருமுறை நிறுத்திவிட்டால் நகர்த்துவது பெரும்பாடு.

அவர்களை எதிர்த்த ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியிடமோ ஜம்புரக்கோடு 2,000 ஒட்டகங்கள், ஒவ்வொன்றின் மேலும் இரண்டு வீரர்கள் என்று போரை நேரில் கண்ட காசிராஜ் எழுதியிருக்கிறார். ஜம்புரக்கின் குண்டு சிறியது, குறியும் அவ்வளவு துல்லியமில்லை. ஆனால் நெருங்கி நிற்கும் குதிரைப்படை மேல் சுட துல்லியம் எதற்கு? அந்த மராத்தியரும் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து களத்துக்கு வந்தவர்கள்.

அந்த ஒட்டகங்களை நினைத்தால்தான் மனசு கனக்கிறது. முதுகிலேயே பீரங்கி வெடிக்கும்போதும் எழுந்து ஓடாமல் இருக்க அவற்றை எப்படியெல்லாம் பழக்கியிருப்பார்கள்!