எந்தச் சங்கீதத்தை முதலில் வாசிப்பது

மிஷன் ஆஸ்பத்திரி ஊழியத்துக்குப் புதிதாக வருகிற போதகர்கள் பெரும்பாலும் ரோமர் 8:28-ஐத் தயாராக வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்ற வசனத்தில் பிழை ஒன்றுமில்லை. டாக்டர் ஐசியு-விலிருந்து வெளியே வந்து கையை விரித்த பத்தாவது நிமிஷத்தில் அதைச் சொல்வதுதான் பிழை. கேட்கிற தாய்க்கு அது “உன் பிள்ளை போனது நல்லதுக்குத்தான்” என்றே காதில் விழும். சில குடும்பங்கள் அதற்குப் பிறகு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிடும். காரணம் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

வேதத்தில் துக்கத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. சங்கீதம் என்கிற 150 ஜெபப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டிலேயே ‘எதுவரைக்கும்’ என்று நாலு தடவை கேட்டுவிட்டு, ஐந்தாம் வசனத்தில்தான் நம்பிக்கைக்கு வருகிறது. நின்று நிதானித்து வாசித்தாலும் ஒரு நிமிஷத்துக்குமேல் ஆகாது. முதல் நாளுக்கு இதுதான் சரி. குற்றவுணர்வில் தவிக்கிறவர்களுக்கு, ‘ராத்திரியே கூட்டிட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாரோ’ என்று அரற்றுகிறவர்களுக்கு, 130. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து ஜெபிக்கவே வெறுத்துப்போனவர்களுக்கு 88. அது கடைசிவரை விடியாமலே முடிகிற சங்கீதம். ‘இதைக்கூட ஆண்டவரிடம் சொல்லலாமா?’ என்று நோயாளி ஆச்சரியப்பட்டால் பாதி வேலை முடிந்தது. ரோமர் 8 சில வாரங்கள் கழித்து வரட்டும். அப்போதும் 28-லிருந்து தொடங்காமல், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்கிற 26-லிருந்து தொடங்குவது நல்லது.

வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின்தான் கெட்டது. 42-ஆம் அதிகாரத்தில் தேவகோபம் அவர்கள்மேல்தான் மூளுகிறது, புலம்பிய யோபுவின்மேல் அல்ல.

வார்டுக்குள் போகுமுன் நர்ஸிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும்: நோயாளி எந்தச் சபை, டாக்டர் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறார், நோயாளிக்குத் தன் நிலைமை தெரியுமா. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போய், ‘ஆண்டவரே, இந்தப் புற்றுநோயை…’ என்று ஜெபத்தைத் தொடங்கியதும்தான் தனக்கு வந்திருப்பது இன்னதென்று நோயாளிக்கே தெரியவருகிற கொடுமை நடக்கிறது. நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார வேண்டும். ‘உங்களுக்காக என்ன கேட்கணும்?’ என்று விசாரித்து, அதை மட்டும், தாழ்ந்த குரலில், இரண்டு நிமிஷத்துக்குள் கேட்டு முடிக்க வேண்டும். (ஜெபத்துக்குள் பிரசங்கத்தை ஒளித்துவைக்கிற பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்.)

கத்தோலிக்கருக்குப் பங்குத்தந்தையை முன்கூட்டியே அழைத்துவிட வேண்டும். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதல் உயிர் இருக்கும்போது மட்டுமே. அவர்களோடு ஜெபிக்கும்போது ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்றும், சி.எஸ்.ஐ., லுத்தரன் வீட்டாரோடு ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றும் சொல்லவேண்டும். நினைவு தப்பிக்கொண்டிருக்கிற முதியவருக்குக்கூட, சிறுவயதிலிருந்து சொன்ன வடிவம் என்றால் உதடு அசையும். நற்கருணை கொடுக்குமுன் விழுங்க முடியுமா என்று நர்ஸிடம் கேட்காமல் கொடுக்கவே கூடாது, புரையேறினால் ஆபத்து.

வலியோடு இருப்பவரிடம் விசுவாசம் பேசுவது வீண். முதலில் மருந்து. சாகும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைத் தணித்துப் பராமரிக்கிற நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிவைத்த சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தவர். உடல், மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்றார். அதேசமயம் மார்ஃபினை வலி வந்தபிறகு கெஞ்சவைத்துத் தராமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. ‘மாத்திரை போட்டால் அவிசுவாசம்’ என்று மறுக்கிற நோயாளியிடம் டாக்டர் சொல்வதைவிடப் போதகர் சொன்னால் எடுபடும். அதை நாம் சொல்லியே ஆகவேண்டும்.

பிரசவ வார்டில் குழந்தை இறந்து பிறக்கும்போது நடப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ‘அம்மா பார்த்தால் தாங்கமாட்டாள்’ என்று ஆண்கள் குழந்தையைத் துணியில் சுற்றி, தாய் மயக்கம் தெளியுமுன் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பிறகு வருஷக்கணக்கில் அவள் கேட்பது ஒன்றைத்தான்: ‘முகம் யார் மாதிரி இருந்துச்சு?’ பதில் சொல்ல ஆள் இருக்காது. போதகர் செய்யக்கூடியது, புதைப்பதைச் சில மணி நேரம் தள்ளிப்போட வைப்பது. தாயிடமே கேட்க வேண்டும்: ‘பாப்பாவைப் பார்க்கிறியாம்மா?’ வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது; அரைமணி கழித்து இன்னொரு தடவை கேட்கலாம். குழந்தையைத் துடைத்து, சட்டை போட்டு, கையில் கொடுக்க வேண்டும். இறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆனால் பெயர் வைக்கலாம், அந்தப் பெயரைச் சொல்லி ஆண்டவர் கையில் ஒப்புக்கொடுத்து ஜெபிக்கலாம். பிள்ளையை இழந்த தாவீது சொன்ன ‘நான் அதினிடத்துக்குப் போவேனேயல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை’ என்ற வார்த்தை (2 சாமுவேல் 12:23) இங்கே பொருந்தும். தாய் கேட்டால் மட்டும். மூன்றாம் நாள் வாக்கில் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும் என்பதை நர்ஸ் முன்கூட்டியே சொல்லி வைத்தாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயத்தமில்லாத பெண்கள் பலர் அன்றைக்குத்தான் உடைந்துபோகிறார்கள்.

தற்கொலை என்றால் சிக்கல் வேறு. போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடியாமல் உடல் கைக்கு வராது. மார்ச்சுவரி வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்குத் தண்ணீரும் ஒரு நாற்காலியும் வசனத்தைவிட அவசரம். ‘கோயிலில் எடுக்கமாட்டாங்களா ஐயா?’ என்ற பயம் இன்னும் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, தெரிந்தே தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது உண்மை. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மற்ற சபைகளில் அது உள்ளூர்ப் போதகரின் மனசைப் பொறுத்தும் மாறும் என்பதால், குடும்பத்தை அலையவிடாமல் ஆஸ்பத்திரிப் போதகரே போனில் பேசிவிடுவது நல்லது.

அடக்க ஆராதனை முடிந்து முப்பதாம் நாள் வரைக்கும் வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். அதற்குமேல்தான் தனிமை தொடங்குகிறது, நம்முடைய சந்திப்பும் நின்றுபோகிறது. டைரியில் இறந்தவரின் பிறந்தநாளையும் திருமண நாளையும் குறித்துவைத்து அன்றைக்கு ஒரு போன் பண்ணினால் போதும். முதல் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் நட்சத்திரம் தொங்காது, பலகாரம் இருக்காது. துக்க வீட்டைத் தொந்தரவு செய்யவேண்டாமென்று கேரல் ரவுண்ட்ஸ் அந்தத் தெருவில் அவர்களை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அடுத்த வீட்டுப் பாட்டு உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கத்தானே செய்யும்? ஒரு வாரம் முன்பே போய்க் கேட்டுவிடலாம். வரச்சொன்னால் டிரம்மை வெளியே வைத்துவிட்டு ஒரே ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். வேண்டாம் என்றால் போதகர் மட்டும் வேறொரு நாள் சாயங்காலம் போய் வரலாம்.