நத்தார் மாதச் செலவும் பொங்கல் காசும்

பொதியைப் பிரித்தால் உள்ளே கம்பளிக் கையுறை, அதற்கு அடியில் மடித்து வைத்த ஒரு பில். என் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு சாமானை அன்பளிப்பாகக் கொடுப்பதென்றால் விலை ஒட்டியிருக்கும் இடத்தை நகத்தால் சுரண்டி, சுரண்டின அடையாளமும் தெரியாமல் துடைத்துத்தானே கொடுப்போம்? இங்கே கனடாவில், ரொறன்ரோவில், நத்தார் என்கிற கிறிஸ்மஸ் வந்தால் வேலையிடத்தில் எல்லாரும் சுற்றி நிற்க, பில்லோடு கொடுக்கிறார்கள். என்னோடு பெட்டி அடுக்கும் பிலிப்பைன்ஸ் அக்காதான், அந்தப் பில்லில் விலை இருக்காது, பிடிக்காவிட்டால் கடைக்குக் கொண்டுபோய் வேறு சாமான் மாற்றலாம் என்று விளங்கப்படுத்தினார். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் தந்தவருக்கு முன்னாலேயே பிரித்துப் பார்ப்பதும், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள் என்று தந்தவரே வழி சொல்வதும், யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் வளர்ந்த எனக்கு இன்னும் சரிவரவில்லை.

பெயர்களைத் துண்டில் எழுதிக் குலுக்கி எடுக்கும் இந்தப் பரிசு விளையாட்டுக்கு எங்கள் வேலையிடத்தில் 25 டொலர் வரம்பு. வரம்பு என்று பெயர், அதற்குக் குறையக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் விலைச்சீட்டில் இருப்பது முழு விலை இல்லை, காசு கட்டும் இடத்தில் 13 வீத வரி ஏறி 25 டொலர் 28.25 ஆகிவிடும். 2025 ஒக்ரோபரில் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 ஆனது. அப்படியென்றால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் காலில் நின்று உழைத்த காசு. ஊர்க்காசில் ஆறாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. எதையும் ஊர்க்காசில் பெருக்கிப் பார்க்காதே, பார்த்தால் இங்கே சீவிக்கமுடியாது என்று எல்லாரும் புத்தி சொல்கிறார்கள். மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்புகிறவள் எப்படிப் பெருக்காமல் இருப்பது?

அதோடு முடிந்தால் பரவாயில்லை. மகளின் வகுப்பு ரீச்சருக்கு, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவருக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அன்ரிக்கு என்று நீண்டுகொண்டே போகும். ஊரில் பெருநாளுக்குக் காசு மேலே இருந்து கீழே வரும். வருடப்பிறப்பன்று அப்பப்பா வெற்றிலையில் நெல்லும் பூவும் நாணயமும் வைத்துக் கைவிசேஷம் தருவார், நாங்கள் விழுந்து கும்பிட்டு வாங்குவோம், அவருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவே மாட்டார்கள். அந்த நாணயம் உண்டியலுக்குள் போகும் சத்தம்வரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் கொடுக்கவேண்டும், அதுவும் ஒரே மாதத்தில்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. புதிதாக வந்த குடும்பங்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் காசு வழக்கமாக மாதத்தின் 20ஆம் திகதியை ஒட்டி வங்கிக்கு வரும். டிசம்பரில் மட்டும் விடுமுறைக்கு முதலே, ஏறக்குறைய ஒரு கிழமை முந்தி வந்துவிடும். கணக்கைத் திறந்து பார்த்தால் மனம் குளிரும், நாங்கள் இருக்கும் ஸ்காபரோப் பக்கம் எந்தக் கடைக்குள் போனாலும் மணியும் பாட்டும் மலிவு விற்பனையும். அடுத்த தரம் அந்தக் காசு வருவது ஜனவரி 20இல். இடையில் ஐந்து கிழமைக்கு மேல். முதலாம் திகதி வாடகை, ஹைட்ரோ என்று இங்கே சொல்லும் மின்சாரத்தின் குளிர்கால பில், பிள்ளையின் சப்பாத்து எல்லாம் அதற்குள்தான். எங்கள் தைப்பொங்கலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் வந்து விழுகிறது! மற்றவர்களுக்கு டிசம்பரோடு பெருநாள் முடிந்துவிடும், ஜனவரியில் வெறும் பாணோடு சமாளிக்கலாம். நாங்கள் நடு ஜனவரியில் பானை வைக்கவேண்டும். அரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, பிளம்ஸ், கரும்பு. இந்தக் குளிருக்குள் தமிழ்க்கடைக்கு வந்து சேர்ந்த கரும்பு, விலை குறையுமா?

அதனால் நான் டிசம்பர்க் காசு வந்த அன்றைக்கே பொங்கல் காசை முதலில் எடுத்து ஒரு கடித உறையில் வைக்கிறேன். அப்புறம் அம்மாவுக்கு அனுப்புவது. அப்புறம் ஜனவரி 20 வரைக்கும் பாலுக்கும் மரக்கறிக்கும் பஸ்ஸுக்கும். மிச்சம்தான் நத்தாருக்கு. மிச்சம் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குள் நிறையச் செய்யலாம். பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் இங்கே 5 வீத வரிதான், பெரியவர்களுடையதைப்போல 13 இல்லை. பனிச் சப்பாத்தை, நத்தாருக்கு மறுநாள் வரும் பொக்சிங் டே மலிவு விற்பனைக்குப் பிறகு ஒரு அளவு பெரிதாக வாங்கிவைத்தால் அடுத்த வருடத்துக்கும் வரும். நகராட்சி மண்டபத்துக்கு முன்னால் பனிச்சறுக்க காசில்லை, சறுக்குச் சப்பாத்து யாரிடமாவது இரவல் வாங்கினால் போதும். பன்னிரண்டு வயது வரைக்கும் ரீரீசீ என்கிற நகர பஸ்ஸும் இலவசம். நூலகத்தில் அருங்காட்சியகத்துக்கு இலவச அனுமதி எடுக்கலாம். மகனுக்கு டைனோசர் எலும்புக்கூடு பார்த்த நாள்தான் இன்னும் பெரிய கதை.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லவேண்டும். காசு கட்டும் இடத்தில் சிரித்த முகத்தோடு, இன்றைக்கே எங்கள் கடைக் கடன் அட்டை எடுத்தால் இவ்வளவு கழிவு என்பார்கள். அவர்களுக்கு அது வேலை. ஆனால் இப்படிப்பட்ட அட்டைகள் பலவற்றுக்கு வருட வட்டி 30 வீதத்துக்குக் கிட்ட. ஊரில் நகையை அடைவு வைக்க அம்மா எத்தனை நாள் யோசிப்பார், யார் கண்ணிலும் படாமல் எந்த வழியால் போவார் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இங்கே ஒரு கையெழுத்து, வரிசையில் பின்னால் நிற்கிறவர் அவசரப்படுகிறார், அவ்வளவுதான். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

எனக்கு இப்போது இதெல்லாம் பழகிவிட்டது, ரொறன்ரோவின் டிசம்பரைச் சமாளிக்கத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் டொலராமா என்கிற மலிவுக் கடையில் பரிசு சுற்றும் தாளைத் தொட்டுப் பார்த்தபோது, அந்தச் சரசரப்பில் அண்ணா பட்டம் கட்டின மார்கழி மாதம் வந்து நின்றுவிட்டது. கூரைத் தாழ்வாரத்தில் ஈர்க்கில் சீவி, கலர்த் தாளைச் சோற்றுப் பசையால் ஒட்டி, காற்றில் கூவும் விண் என்கிற நாணைப் பூட்டி ஏற்றுவான். இரவு முழுக்க அது கூவும். வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பெரிய பட்டப்போட்டியே நடக்கும். எங்களுக்கு வீட்டு வேலிக்கு மேலே ஒன்று பறந்தாலே போதும். தாளுக்கும் நூலுக்கும் எவ்வளவு காசு போயிருக்கும்? அதை யாரும் செலவு என்றே சொன்னதில்லை. மகள் கையைப் பிடித்து இழுக்கும்வரைக்கும் அங்கேயே நின்றேன். இரண்டு சுருள் வாங்கினேன், ஒன்று நத்தாருக்கு, ஒன்று பட்டத்துக்கு. அந்தத் தாள் பட்டத்துக்குப் பாரம் என்று இவர் சொல்கிறார், கட்டிப் பார்த்தால் தெரியும்.

இந்த வருடம் மச்சாளோடு பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். எங்கள் குடும்பங்களுக்குள் பெரியவர்களுக்குப் பரிசு இல்லை, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று மட்டும். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல், வெறுங்கையோடு எப்படி வருவது என்கிறார். வரும்போது பயற்றம் உருண்டை கொண்டுவாருங்கள் என்று சொல்லியாயிற்று. மாமி இன்னும் ஒரு படி மேலே போய், சித்திரை வரைக்கும் பார்த்திருக்காமல் பொங்கலன்றே பிள்ளைகள் எல்லாருக்கும் வெற்றிலையில் வைத்துக் கைவிசேஷம் கொடுக்கப்போகிறாராம். 5 டொலர்த் தாளா 10 டொலர்த் தாளா என்று அவரும் இவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் 5 என்கிறேன்.