மிச்சம் எவ்வளவு அக்கா?

மகளிர் இலவசப் பேருந்தால் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் முதுகலை ஆய்வேட்டின் தலைப்பு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்லியிருந்தது. அதனால் என் படிவத்திலும் முதல் கேள்வி மிச்சம் பற்றியதுதான்.

மதுரை மாட்டுத்தாவணியில் பலரும் டக்கென்று ஒரு தொகை சொன்னார்கள். வண்டியூரிலிருந்து பூ மார்க்கெட்டுக்கு வரும் ஓர் அக்கா மட்டும், "மிச்சம்லாம் ஒண்ணுமில்ல தம்பி. முன்னாடி பஸ்ஸுல ஏறுனாத்தானே காசு? நடந்துதான் வருவேன், கால் வலிச்சா வரவே மாட்டேன்" என்றார். இப்போது தினமும் வருகிறார், தானே விலை பேசிப் பூ எடுக்கிறார். படிவத்தில் அவருக்கு விழுவது பூஜ்யம்!

இதற்குப் போக்குவரத்துப் பொருளாதாரத்தில் ஒரு பழைய வழி உண்டு. பத்து ரூபாய் டிக்கெட் இலவசமானால், ஏற்கெனவே பஸ்ஸில் போனவருக்கு லாபம் முழுப் பத்து. புதிதாக ஏறுபவருக்கு அந்தப் பயணம் பத்து ரூபாய் பெறாது, ஆனால் சும்மாவும் இல்லை. அதனால் பாதி, ஐந்து ரூபாய் என்று வைப்பார்கள். அக்காவின் பூஜ்யம் அப்படித்தான் மறைந்தது.

அடுத்தது காத்திருப்பு. இலவசப் பேருந்து வரும்வரை காசு கேட்கும் பஸ்களை விட்டுவிட்டு நிற்கிறார்களே, அந்த நேரத்தின் மதிப்பை லாபத்திலிருந்து கழிக்க வேண்டாமா? நின்று காத்திருக்கும் நிமிடத்துக்கு, வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிமிடத்தைவிட அதிக மதிப்புப் போடுவது வழக்கம். சரி, நேரத்தைப் பணமாக்கக் கூலியைத்தான் அளவாக வைப்பார்கள், எந்தக் கூலியை வைத்து? அவரவர் கூலி என்றால் வீட்டு வேலைக்குப் போகிறவரின் ஒரு மணி நேரம் மலிவாகிவிடும். அது எனக்கு ஒப்பவில்லை. எல்லோருக்கும் ஒரே மதிப்பு வைத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் முகம் சுளித்தாலும் விட்டுவிட்டார்.

எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. "மூணு பஸ்ஸ விட்டுட்டேன்" என்பார்கள். அப்புறம் 'நேற்று எங்கே போனீர்கள், எத்தனை பஸ்ஸை விட்டீர்கள்' என்றே கேட்க ஆரம்பித்தேன். நிமிடக் கணக்கை, பேருந்து நிலைய டைம் கீப்பரிடம் பஸ் நேரங்களை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.